எல்லாருக்கும் நிலாத் தூரம்

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இருக்கும் வெண்தாது நிறுவனத்துக்கு முதன்முறையாக வருகிற எவருக்கும், ஏதோ ஜெபக்கூடத்துக்குள் தவறி நுழைந்துவிட்டோம் என்றுதான் தோன்றும். காதில் கருவி மாட்டிய ஒருவர் ஏதோ சொல்வார். கூடம் முழுக்க அமைதி. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பிறகு, அடுத்த நாற்காலியில் இருப்பவரே, கடலுக்கு அப்பாலிருந்து பேசுகிற மாதிரி நிதானமாகப் பதில் சொல்வார். சொல்லி முடித்ததும் "ஆச்சு" என்பார். மறுபடி அமைதி.

அந்த அமைதிக்குக் காரணம் நிலா.

வெண்தாது நிறுவனத்துக்குத் தூத்துக்குடியில் தலைமையகம், ராட்டர்டாமில் இயக்குநர்கள், நிலாவில் ஒரு சின்னக் கிளை. அந்தக் கிளையில் சுடலைமுத்து அண்ணாச்சியும் இன்னொருவரும் தோண்டும் இயந்திரங்களோடு இருந்தார்கள். நிலாவிலிருந்து ஒரு சொல் இங்கே வந்து சேர ஒன்றேகால் நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். எண்ணிப் பார்த்தால் ஒன்றுமில்லாத நேரம்தான். ஆனால் தூத்துக்குடிக்காரர்கள் கூடிப் பேசுகிற இடத்தில் அந்த நேரத்துக்குள் மூன்று பேர் பேசி, ஒருவர் சிரித்து, ஒரு முடிவும் எடுத்துவிடுவார்கள். சுடலைமுத்து "இருங்கய்யா" என்று சொல்வது இங்கே கேட்பதற்குள் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். ஒருமுறை, ஒரு துளைக்கருவியை இடம் மாற்றுவதென்று எல்லாரும் கைதூக்கிவிட்டார்கள். அவருடைய "வேண்டாம்" அப்போது வழியில் வந்துகொண்டிருந்தது. கருவி பள்ளத்தில் சரிந்து போயிற்று. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் அன்றோடு அவர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

"நான் உங்கள விட்டுத் தூரத்துல இருக்கது என் தப்பா? ஒண்ணு என்னைய அங்க கூப்பிடுங்க. இல்லன்னா நீங்க எல்லாரும் இங்க வாங்க" என்று கடைசியாகச் சொல்லி வைத்தார்.

இரண்டுமே ஆகாத காரியம். மூன்றாவதாக ஒரு வழியைச் சிப்பி தொலைத்தொடர்பு கொண்டுவந்தது. வெண்தாதுவின் தனி வலையமைப்பு சிப்பியுடையது. அதற்குள் போகிற ஒவ்வொரு பேச்சையும் ஒவ்வொரு கிளையின் வாசலிலும் சற்று நேரம் பிடித்து வைத்து, யார் பேசினாலும் எல்லார் காதுக்கும் ஒரே சமயத்தில் விழும்படி அவர்கள் செய்துகொடுத்தார்கள். வலைக்குள் யார் மிகத் தூரமோ அவர் தூரம்தான் எல்லாருக்கும் தூரம். அடுத்தடுத்த மேசைக்காரர்களும் வேலைப் பேச்சைக் கருவி வழியாகத்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி வந்தது. இடையில் புகுந்தால் இரண்டு குரலும் மோதிக் குழம்பிப் போகும் என்பதால், முடித்தவர் "ஆச்சு" சொல்வதும், அதுவரை மற்றவர் பொறுப்பதும் வழக்கமாயிற்று. சேவையின் பெயர் சம தாமதம்.

அதைப் பராமரிக்கச் சிப்பி அனுப்பி வைத்த பொறியாளர்தான் பிலோமி.

அவள் வேலை பார்ப்பது வெண்தாதுவின் கட்டடத்தில். சம்பளம் சிப்பியில். ஆகையால் கருவி மாட்டி அமைதி காக்கிற விதி அவளுக்குக் கிடையாது. அது அந்தக் கட்டடத்துக்கே ஒரு சோதனையாக இருந்தது, ஏனென்றால் பிலோமி பேச ஆரம்பித்தால் மழை விட்ட பிறகும் ஓலை சொட்டுகிற மாதிரி சொட்டிக்கொண்டே இருப்பாள். போதாததற்கு அடுத்தவர் வாக்கியத்தையும் அவளே முடித்து வைப்பாள். பாதி தடவை சரியாக முடிப்பாள். மீதி தடவை முடித்ததைச் சரியென்று அவர்களை ஒத்துக்கொள்ள வைத்துவிடுவாள்.

"ஏட்டி, அந்த ஆபீஸ்ல வேல பாக்கவங்க வீட்டுலயெல்லாம் சண்டையே இல்லையாம்" என்று அவள் அக்கா ஜெசிந்தா ஒருநாள் சொன்னாள். "புருசனும் பொண்டாட்டியும் ஆச்சு, ஆச்சுன்னு சொல்லிச் சொல்லிப் பேசுதாங்களாம். நீயும் அங்கனதான இருக்க? ஒனக்கு மட்டும் ஏன் அந்தக் காத்து அடிக்கல?"

"நான் காத்தப் பிடிச்சி வைக்கவ, அக்கா. எனக்கெப்படி அடிக்கும்?"

உண்மையில் ஒரு நாளைக்கு ஒரு தடவை அந்தக் காற்று அவளுக்கும் அடித்தது. காலையில் வேலை தொடங்குமுன் குரல் தடத்தைச் சோதிக்க வேண்டும். வெண்தாது பக்கத்தில் அதைச் செய்கிறவன் தஸ்நேவிஸ். நிலாக் கிளையின் வேலைகளை இங்கிருந்து ஒருங்கிணைப்பவன். சோதனைக்கென்று சிப்பி நிறுவனம் எழுதிக் கொடுத்த வாசகங்கள் இருந்தன. தஸ்நேவிஸ் அதை வாசிப்பதில்லை. தன் ஜன்னலிலிருந்து துறைமுகத்தைப் பார்த்து, வந்திருக்கிற கப்பல்களைப் பற்றிச் சொல்வான். எது நேற்று போகாமல் நின்றுவிட்டது, எதன் வயிற்றில் துரு ஏறியிருக்கிறது, எது பாரம் இறக்கியதும் இளைத்துப்போன மாதிரி தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கிறது.

தஸ்நேவிஸுக்குப் பேச்சு திக்கும். சில சொற்களின் வாசலில் வந்து நின்றுவிடுவான். நேரில் பார்க்கிறவர்கள் பதறிப்போய் அந்தச் சொல்லை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமலிருப்பான். ஆனால் அந்த வலைக்குள் யாராலும் குறுக்கே வர முடியாது. அவன் நின்றான் என்றால் மற்றவர்கள், நிலாவிலிருந்து ஏதோ வந்துகொண்டிருக்கிறது என்பதுபோலக் காத்திருந்தார்கள். அவன் நிற்பதும் குறைந்துகொண்டே வந்தது. கூட்டங்களில் அவன் சொல்வதைத்தான் கடைசியில் எல்லாரும் செய்தார்கள்.

ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் பிலோமி. நடுவில் நிலாவின் தூரம். அந்தத் தூரத்தில் வைத்துத்தான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

நேரில் மட்டும் மற்றவர்களை விட அவளே மோசம். எதிரே உள்ள டீக்கடையில் அவன் "எனக்கு ஒரு..." என்று தொடங்கினால், "சீனி கம்மியா ஒரு டீ" என்று அவளே சொல்லிவிடுவாள். பாசத்தில்தான் செய்தாள். அவன் சிரித்துக்கொண்டே குடிப்பான். அவனுக்கு அன்று காபி வேண்டியிருந்ததா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

*

சென்னையிலிருந்து புதிதாக வந்த மேலாளர் மதுசூதனனுக்கு அந்த அமைதி முதல் நாளே ஒத்துக்கொள்ளவில்லை. பிலோமியைக் கூப்பிட்டு விட்டார்.

"என்னம்மா இது, நமக்குன்னு தனியா கேபிள் போட்டு வச்சிருக்கீங்களா? அதான் இவ்ளோ ஸ்லோவா?"

"தனிக் கேபிள்லாம் கெடையாது சார். எல்லாருக்கும் ஒரே கேபிள்தான். அதுலயே பேங்க்காரங்க போறாங்க, உப்புக் கம்பெனிக்காரங்க போறாங்க, மீன் ஏத்துமதி போவுது. ஒவ்வொரு கம்பெனி பேச்சையும் பூட்டி, அவங்கவங்க முத்திரையக் குத்தி அனுப்புதோம். ஒரே பஸ்ஸுல எல்லாரும் பக்கத்துப் பக்கத்துலதான் ஒக்காந்திருக்காங்க. ஆனா ஒருத்தருக்கு இன்னொருத்தர் இருக்கதே தெரியாது."

"அப்போ ஸ்லோ?"

"அது நாங்களா போட்டது சார். நீங்க கேட்டதுக்காக."

"நான் கேக்கல."

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரு—"

"கேட்டிருப்பார். சரி. நிலாவுல இருக்கவங்க இந்த வெள்ளிக்கிழமை கிளம்புறாங்க. இனிமே மெஷின் மட்டும்தான். மெஷினுக்கு மனசு கஷ்டப்படுமா? படாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் எடுத்துடுங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. பேச்சை வாங்கி அனுப்ப நிலாவில் வைத்திருந்த குரல் பெட்டியை வலையின் பதிவிலிருந்து நீக்கினால் போதும். அதன் பிறகு ராட்டர்டாம்தான் மிகத் தூரம், அது கண் சிமிட்டுகிற நேரம். எல்லாரும் எல்லாரோடும் சாதாரணமாகப் பேசிக்கொள்ளலாம்.

அதற்கடுத்த திங்கட்கிழமை இன்னொன்று இருந்தது. ஆளில்லாத நிலாக் கிளையை இங்கிருந்தே இயக்கப் போகிற கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். தகுதி இருந்தது இரண்டு பேருக்கு. ஒருவன் தஸ்நேவிஸ். ராட்டர்டாமிலிருந்து இயக்குநர்கள் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். நிலாவின் ஒவ்வொரு பள்ளமும் தஸ்நேவிஸுக்குத் தெரியும். இந்த வேலைக்காகவே அவன் மற்றோர் இடத்தில் கிடைத்ததை விட்டிருந்தான். அது அலுவலகத்துக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் சுடலைமுத்து நிலாவிலிருந்து கடைசியாகப் பேசினார். மொத்த அலுவலகமும் கருவியை மாட்டிக்கொண்டது.

"மக்கா, போயிட்டு வாரேன்னு சொல்லணும். ஆனா நான் அங்கதான் வாரேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அவரைப் போய்ச் சேரும்வரை அவரும் பொறுத்திருந்தார். "எனக்காக நீங்க இம்புட்டு நாளும் வாயப் பொத்திக்கிட்டு இருந்திய. எங்க ஊர்ல எங்கப்பாரு பேச்சக்கூட யாரும் இப்படிக் கேட்டதில்ல. இனிமே வேகமாப் பேசிக்கிடுங்க. சண்டை போடுங்க. ஆச்சு."

கணக்குப் பிரிவு ராஜாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டது பிலோமியின் ஜன்னல் வழியே தெரிந்தது.

அதன் பிறகு பிலோமி டீக்கடைக்குப் போனாள். தஸ்நேவிஸ் பின்னாலேயே வந்தான். கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த நேரம்.

"பிலோமி, தி... திங்கக்கெழம கூட்டத்துக்கு... அந்தத் தா... தாமதத்த..."

"எடுக்காம விட்டுரணும். அதான?" என்றாள் அவள். அவன் கேட்பதற்கு முன்பே காலையிலிருந்து அவள் மனதுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன். ஒரு கூட்டம் முடியட்டும், அப்புறம் எடுத்தா என்ன குடியா முழுகிரும்?"

அவன் கையை உயர்த்தினான். வாய் திறந்தது. ஒரு சொல்லின் வாசலில் வந்து நின்றது. லாரி ஒன்று ஹாரன் அடித்தது. "போய் நல்லாப் படி. சாப்பிட்டுட்டுப் படி" என்று சொல்லிவிட்டுப் பிலோமி டம்ளரை வைத்துவிட்டுச் சாலையைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் அவள் செய்தது சின்னக் காரியம்தான். நிலாவிலிருந்த குரல் பெட்டி அங்கேயே, சூரிய ஒளியில் மின்சாரம் குடித்துக்கொண்டு, விழித்திருந்தது. அதை அவள் பதிவிலிருந்து நீக்கவில்லை. நீக்கியாயிற்று என்று மட்டும் சிப்பிக்குத் தெரிவித்தாள். ஆளில்லாத அந்தக் கிளையில் யாருக்கும் கேட்காமல் கிடந்த அந்தப் பெட்டிக்காக, தூத்துக்குடியும் ராட்டர்டாமும் மறுபடியும் காத்திருக்கத் தயாராயின. மாட்டிக்கொண்டால் வேலை போகும். அவளுக்குத் தெரியும். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது, மேற்கே வெளுத்திருந்த பிறை நிலாவைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

*

திங்கட்கிழமைக் கூட்டம் நன்றாக நடந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

தஸ்நேவிஸ் எதற்கும் திணறவில்லை என்றார்கள். ஆற அமர, ஒவ்வொரு கேள்விக்கும் பொருத்தமாகச் சொன்னானாம். ராட்டர்டாம்காரர்களே அசந்துவிட்டார்களாம். ராஜாத்தி மிட்டாய் வாங்கி வந்துவிட்டாள். கூடத்தில் அவனைச் சுற்றிக் கூட்டம். எட்டிப் பார்த்த பிலோமியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

அன்று மாலை அவள் மேசையிலிருந்த சோதனைக் கருவி ஒலித்தது. காலையில்தான் அது ஒலிப்பது வழக்கம். மாட்டிக்கொண்டாள்.

"பிலோமி. நான் தஸ்நேவிஸ். நான் முடிக்கிற வரைக்கும் நீ பேச முடியாது. அதான் இதுல கூப்பிட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"அன்னைக்கு டீக்கடையில, அந்தத் தாமதத்த எடுத்தாச்சான்னு கேக்கத்தான் வந்தேன். எடுத்திரு, மறந்திராதன்னு சொல்ல வந்தேன். எனக்கு அது இல்லாமப் பேசணும்னு இருந்துச்சு. அந்தக் கட்டுப்பாட்டு அறையில எங்கூட இருக்கப் போறது ஏழெட்டுப் பேரு. எல்லாரும் நேர்ல. பக்கத்துல. அவங்க காதுல நான் தா... தாமதம் மாட்ட முடியுமா? நான் பேசுறதுக்கு அவங்க பொறுப்பாங்களா, மாட்டாங்களான்னு எனக்கே தெரியாது. அதைத் தெரிஞ்சிக்கிடத்தான் இந்தக் கூட்டத்த நம்பி இருந்தேன். இன்னைக்கு முதல் கேள்வியிலேயே புரிஞ்சிருச்சு. அவங்க எனக்காகக் காத்திருக்கல. அங்க சும்மா கெடக்குற ஒரு பெட்டிக்காகக் காத்திருந்தாங்க. இப்ப இந்த வேலை எனக்குக் கெடச்சா, அது எனக்கா, அந்தப் பெட்டிக்கா?"

அமைதி. அவன் "ஆச்சு" சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள்.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. எனக்குத் தெரியும். ஆனா இந்த ஊர்ல எல்லாரையும் விட நீதான் என் பேச்ச அதிகமாக் கேட்டவ. நீதான் என்னையப் பேசவும் விடல. ஆச்சு."

பிலோமிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கடைசியில் "சரி" என்றாள். ஒன்றேகால் நொடி கழித்து அந்த ஒற்றைச் சொல் சுவரைத் தாண்டிப் போனது. "ஆச்சு" என்றாள்.

*

மறுநாள் காலை மதுசூதனன் அறைக்குப் போனாள்.

"சார், ஒண்ணு சொல்லணும்—"

"லீவா? எடுத்துக்கோங்க. உங்க ஆபீஸ்ல சொல்லிட்டு எடுங்க."

"லீவு இல்ல சார். அந்தத் திங்கக்கெழம—"

"பில்லா? அக்கவுண்ட்ஸ்ல ராஜாத்தி மேடத்தைப் பாருங்க."

"பில்லும் இல்ல சார். நான்—"

"வேற வேலை கிடைச்சிடுச்சா? நல்லதுதானே."

பிலோமிக்கு அழுகை வந்துவிட்டது. தன் முன்னால் இருப்பது தானேதான் என்று அவளுக்குத் தோன்றியது. மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"சார், நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நீக்காத பெட்டியை. நீக்கியதாகச் சொன்ன பொய்யை. தஸ்நேவிஸ் கேட்காததை. அவன் எதற்காக வந்தான் என்பதை.

"தாமதம் இருந்தது எனக்குத் தெரிஞ்சது" என்றார் மதுசூதனன் பிறகு. "உங்க கம்பெனி எதையுமே சொன்ன நாள்ல செஞ்சதில்ல. அதுவும் அந்த லட்சணம்தான்னு நினைச்சேன். நீங்க வேணும்னு பண்ணிருப்பீங்கன்னு தோணல." மேசைமேல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "உங்க மேல புகார் குடுக்காம என்னால இருக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இன்னொருத்தனுக்கும் அநியாயம் இது. அவனும் அதே கூட்டத்துல உக்காந்திருக்கான். வியாழக்கிழமை திரும்ப வைப்போம். முதல்ல இருந்து. தாமதம் இல்லாம."

சிப்பியின் மேலதிகாரி அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அவளாக வந்து சொன்னதால் அவ்வளவுக்குத் தப்பினாள். ஆனால் வெண்தாது கட்டடத்துக்குள் இனி அவள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளுக்குப் பதில் வேறொருவர் போனார். அவர் போனதும் செய்த முதல் காரியம், நிலாவிலிருந்த பெட்டியைப் பதிவிலிருந்து நீக்கியது.

பிலோமியை மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் ஆலைக்கு அனுப்பினார்கள். கடற்கரை ஊர்களில் அந்த முதலாளிக்கு ஆறேழு ஐஸ் ஆலைகள். எல்லாவற்றின் குளிரளவும் ஒரே தனி வலையில் வந்து சேரும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன அறை, ஒரு திரை, தரையெல்லாம் ஈரம். அங்கே யாருக்கும் தாமதம் கிடையாது. ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு மேலே எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

*

வியாழக்கிழமை கூட்டம் தொடங்குகிற நேரத்தில் பிலோமி திரைக்கு முன்னால் இருந்தாள்.

ஐஸ் ஆலையின் வலையும் வெண்தாதுவின் வலையும் அந்தச் சாலைக்கு அடியில் ஒரே கேபிளில்தான் ஓடின. அவள் காலுக்குக் கீழேகூட இப்போது தஸ்நேவிஸின் குரல் போய்க்கொண்டிருக்கலாம். ஆனால் பூட்டியது பூட்டியதுதான். அந்தப் பூட்டைத் திறக்க அவளால் மட்டுமல்ல, சிப்பியில் யாராலும் ஆகாது. அவளே மதுசூதனனிடம் பெருமையாகச் சொன்ன விஷயம் அது.

கேபிள் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்கப் பொறியாளர்கள் எல்லாருக்கும் ஒரு வசதி இருந்தது. எந்தப் பெட்டியிலிருந்து எவ்வளவு பாரம் போகிறது என்பது திரையில் கோடாக ஏறி இறங்கும். என்ன போகிறது என்று தெரியாது. யாரோ பேசினால் கோடு எழும். நிறுத்தினால் படுத்துக்கொள்ளும். வெண்தாதுவின் பெட்டி எண்கள் அவளுக்கு மனப்பாடம். ராட்டர்டாமுக்கு ஒரு கோடு. மதுசூதனனுக்கு ஒன்று. தஸ்நேவிஸுக்கு ஒன்று.

ராட்டர்டாமின் கோடு எழுந்தது, நீண்டது, படுத்தது. கேள்வி.

தஸ்நேவிஸின் கோடு எழுந்தது.

சின்னச் சின்ன மேடுகள். ஒரு பள்ளம். மறுபடி மேடு. ஒரு நீண்ட பள்ளம். இப்போது எந்தச் சொல்லின் வாசலில் நிற்கிறான்? பிலோமி தன் உதடு அசைவதை உணர்ந்து கையால் பொத்திக்கொண்டாள். எடுத்துக் கொடுக்க ஒன்றுமில்லை. அவளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் பேசுவதை, எதுவுமே முடித்து வைக்க முடியாமல், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். கரையை விட்டுத் தூரத்தில் போகிற ஒரு படகு அலைக்குப் பின்னால் மறைவதையும் எழுவதையும் பார்க்கிற மாதிரி இருந்தது.

மற்றக் கோடுகள் படுத்தே கிடந்தன. யாரும் குறுக்கே வரவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு ஒரு பள்ளம் வந்தது. இதுவரை வந்ததிலேயே நீளமானது. அது முடியவில்லை. ராட்டர்டாமின் கோடு மெல்லத் தலைதூக்கியது. உடனே, அதன் மேலேயே ஏறி, மதுசூதனனின் கோடு செங்குத்தாக எழும்பியது. கத்துகிற அளவுக்கு.

"பாவிகளா" என்று பிலோமி வாய்விட்டுச் சொன்னாள். "ரெண்டு பேரும் சேந்து முடிச்சிட்டானுவ."

எல்லாக் கோடுகளும் படுத்தன. அவளால் மேலே பார்க்க முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். விசைப்படகுகளில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி வந்தபோது தஸ்நேவிஸின் கோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மேடு, பள்ளம், மேடு. அவளுக்கு அதை நம்பப் பயமாக இருந்தது.

மதியம் அவள் போன் அடித்தது. சாதாரணப் போன். கருவி இல்லை, தாமதம் இல்லை.

"பிலோமி" என்றான் தஸ்நேவிஸ்.

கிடைச்சுதா, கிடைக்கலையா, போனா போகட்டும், அந்த ஆள நான் என்ன செய்யுதேன் பாரு. எல்லாம் நாக்கின் நுனியில் வரிசையாக நின்றன. அவள் ஒரு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ம்" என்றாள்.

"கெ... கெடச்சிருச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பேசவில்லை. அவன் இன்னும் முடிக்கவில்லை என்று அந்த மூச்சிலிருந்தே தெரிந்தது.

"நடுவுல ஒரு எடத்துல ரொம்பச் சிக்கிக்கிட்டேன். ராட்டர்டாம்காரரு, பாவம், ஒதவிதான் பண்ணினாரு. நான் சொல்ல வந்ததை அவரே சொல்ல ஆரம்பிச்சாரு. தப்பாச் சொன்னாரு. அப்ப ம... மதுசூதனன் சார்..."

அவளுக்குத் தெரியும். அவள்தான் பார்த்தாளே. சொல்லிவிட்டால் அவனுக்குச் சொல்கிற வேதனையாவது மிச்சம். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"...மேசையத் தட்டி எழுந்திரிச்சாரு. 'சார், வெயிட் பண்ணுங்க. அவர் முடிக்கட்டும்'னு சத்தம் போட்டாரு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. அப்புறம் யாரும் வாயே தெறக்கல. நான் முழுசாச் சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். முழுசாச் சொன்னேன்."

பிலோமி திரும்பித் திரையைப் பார்த்தாள். செங்குத்தாக எழுந்து நின்ற அந்தக் கோடு இன்னும் அங்கேயே இருந்தது. வெறும் கோடு. அதற்குள் ஒரு மனிதரின் மொத்தக் குரலையும் அவள்தான் இட்டு நிரப்பியிருந்தாள். தவறான குரலை. முந்தாநாள் தன்னை ஒரு வாக்கியம் பேச விடாத மனிதர். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் போனுக்குக் கேட்காமல் விழுங்கினாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றான் தஸ்நேவிஸ். "இது வே... வேலையப் பத்தி இல்ல."

அதோடு நின்றுவிட்டான்.

வெளியே படகில் ஐஸ் விழுகிற சத்தம். ஒரு கடற்காகம் வந்து வாசலில் உட்கார்ந்து, உள்ளே பார்த்துவிட்டு, பறந்து போனது. பிலோமி போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து குளிர் மேலேறி வந்தது. அவள் நகரவில்லை.

ஐஸ் உடைக்கிற மரியதாஸ் அண்ணன் தோளில் சாக்கோடு உள்ளே வந்தார். வாயே அசையாமல் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பவளை ஒரு கணம் நின்று பார்த்தார்.

"என்னம்மா, லைன் கட்டாயிருச்சா?"

பிலோமி போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"இல்லண்ணே" என்றாள் மெல்ல. "பேசிக்கிட்டு இருக்காரு."